கத்தரிப்பூ நிறத்தில் ஒரு தாய்மாமன்

இல்லை அக்கா, மடியிலேயே இருக்கட்டும். கீழே வைத்தால் பஸ் குலுக்கும். குலுக்காமல் கொண்டு போ என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். உங்கள் முழங்காலில் இடிக்கிறதா? இதோ, இந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.

டிவி இல்லை அக்கா. கண்டக்டரும் அதைத்தான் கேட்டார், லக்கேஜ் போடணுமா என்று. இது கம்ப்யூட்டர். அதாவது கம்ப்யூட்டரின் பெட்டி. திரை வீட்டில் இருக்கிறது. போர்வையைச் சுற்றி மடியில் வைத்திருப்பதைப் பார்த்துப் பிள்ளையோ என்று நினைத்தேன் என்றீர்களே, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்றைக்கு இப்போதுதான் சிரிக்கிறேன்.

வீடு புளியங்குடி. ஆனால் வழியில் சொக்கம்பட்டியில் இறங்க வேண்டும். அங்கே என் மதினி இருக்கிறார்கள், என் வீட்டுக்காரரின் அக்கா. இறங்குவதா, பேசாமல் வீட்டுக்கே போய்விடுவதா என்று டிக்கெட் எடுக்கும்போதே குழப்பம். கடைசியில் புளியங்குடிக்கே எடுத்துவிட்டேன். இடையில் இறங்கினால் ஒன்றும் சொல்லமாட்டார்கள் இல்லையா?

மன்னிப்புக் கேட்க வேண்டும் அக்கா. அதற்குத்தான் சொக்கம்பட்டி. தீபாவளிக்குள் வந்து எங்கள் அத்தை காலில் விழுந்து மன்னிப்புக் கேட்காவிட்டால் உங்கள் வீட்டு வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்று மதினி சொல்லிவிட்டார்கள். அத்தை என்றால் மதினியுடைய மாமியார். கேட்கலாம். கேட்பதற்கு எனக்கென்ன, நான் என்ன கலெக்டரா? ஆனால் தப்பு என்னுடையதுதானா என்று தெரிந்துகொண்டு கேட்கலாமே என்று இருந்தது. என் கண் கெட்டதா, இந்தப் பெட்டி கெட்டதா. அதைத் தெரிந்துகொள்ளத்தான் தென்காசிக்குப் போனேன். தெரிந்துகொண்டும் விட்டேன். இப்போது அதுதான் சங்கடம்.

எனக்குக் கோர்வையாகப் பேச வராது. முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் எலுமிச்சை மண்டியில் எடை போடுகிறார். பெயர் கனகவேல். வீட்டில் ஃபிளெக்ஸ் டிசைன் வேலையும் உண்டு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை, கண்ணீர் அஞ்சலி, எல்லாம். கம்ப்யூட்டரில் டிசைன் செய்து சங்கரன்கோவில் பிரஸ்ஸுக்கு அனுப்பினால் அவர்கள் அடித்து, சுருட்டிக் கொடுத்துவிடுவார்கள். இந்தக் கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்ததே மதினிதான். மதினியின் வீட்டுக்காரர், அண்ணாச்சி, சவூதியில் இருக்கிறார். தம்பி மண்டியிலேயே கிடந்து தேய வேண்டாம், வீட்டோடு ஒரு தொழில் இருக்கட்டும் என்று வாங்கிக் கொடுத்தார்கள். கொடுக்கும்போதே மதினி ஒரு வார்த்தை சொன்னார்கள். "வெளையாட்டு கிளையாட்டுன்னு காதுல விழுந்துச்சு, அன்னைக்கே வந்து தூக்கிட்டுப் போயிருவேன் பாத்துக்க." அவர் கல்யாணத்துக்கு முந்தி கம்ப்யூட்டர் சென்டரில் விளையாடிக் கிடந்தே காலேஜை விட்டவர். அந்தக் கோபம் மதினிக்கு.

அதனால் அவர் விளையாடுவதில்லை. அதாவது, பார்க்க விளையாட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் விளையாட்டு இல்லை. இதற்குள்ளே கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று உண்டு அக்கா, என் முழங்கை நீளத்துக்கு, விசிறி வைத்து. திரையில் தெரிகிற படத்தையெல்லாம் அதுதான் அனுப்புகிறது. அது சும்மா கிடந்தால் கிணற்று மோட்டார் மாதிரி இறுகிப்போகுமாம். அதற்காக மண்டியிலிருந்து வந்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கொஞ்சம் ஓட்டி வைப்பார். துப்பாக்கியெல்லாம் வரும். "பின்னாடி வாரான், சுடுல, சுடு" என்று கத்துவார். என் மகள் பயந்து என் சேலைக்குள் வந்து ஒளிவாள். கார்டுக்காக என்று நாங்களும் பொறுத்துக்கொள்வோம்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். கடையிலும் சிரித்தார்கள். இருக்கட்டும், அதற்கு வருகிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். கம்ப்யூட்டர் பக்கமே போகமாட்டேன், துடைக்கக்கூடப் பயம். ஆனால் சாவு நடந்த துட்டி வீட்டிலிருந்து ஆள் வந்து நிற்பார்கள். கண்ணீர் அஞ்சலியைச் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல முடியுமா? அவர் மண்டியிலிருந்து போனில் சொல்லுவார். அந்தப் படத்தை இழு, இந்தக் கட்டத்துக்குள் வை, பெயரை மாற்று. அப்படியே பழகிவிட்டது. இங்கிலீஷ் எழுத்தை வாசிக்க வராது. ஆனால் எது எங்கே இருக்கும் என்று இடம் தெரியும். சொட்டு மாதிரி இருப்பது எதற்கு, தூரிகை எதற்கு, எல்லாம் தெரியும். இப்போது வருகிற வேலையில் பாதிக்கு மேல் நான்தான்... இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது. தொழில் அவருடையது. நான் ஒத்தாசை.

எனக்கு நன்றாக வருவது ஒன்றே ஒன்றுதான் அக்கா. முகத்தை வெளுப்பாக்குவது. வருகிற அத்தனை பேரும் அதைத்தான் கேட்பார்கள். "கொஞ்சம் கலரா வைம்மா." கருத்த முகமாக ஒருத்தரையும் பேனரில் ஏற்ற முடியாது, சண்டைக்கு வந்துவிடுவார்கள். செத்தவரைக்கூட வெளுப்பாக்கித்தான் அஞ்சலி செலுத்துவார்கள். மாவு பூசின மாதிரி இல்லாமல், இயல்பாகவே நிறமாக இருந்தவர் மாதிரி செய்துவிடுவேன். முகத்தை மட்டும் உன் வீட்டுக்காரி கையில் கொடு என்று சிலர் அவரிடமே சொல்லுவார்கள். அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது.

ஆடி மாதம் என்று நினைக்கிறேன், திரையில் கோடு கோடாக வர ஆரம்பித்தது. நடுநடுவே பச்சைப் பச்சையாகக் கட்டங்கள். ஏதோ புது டிசைனாக்கும் என்று இருந்தேன். அவர் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனை அதற்குள்ளே திருப்பி வைத்தார். நானும் பிள்ளையும் விசிறி மட்டையால் விசிறிக்கொண்டோம். தொழில் கருவிமேல் இவ்வளவு அக்கறை யாருக்கு வரும் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு நாள் ரப்பரைக் காணோம் என்று பிள்ளை அழுதாள். தேடினால் அது அவர் கையில். அந்தக் கார்டை வெளியே எடுத்து, அதன் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி பொன் நிறத்தில் இருக்கிறதே, அதை ரப்பரால் தேய்த்துக்கொண்டிருக்கிறார். என்னங்க இது என்றேன். "ஆடி மாசம்லா, சுத்தம் பண்ணுதேன்" என்றார். பிறகு ஒரு நாள் தூசி தட்ட வேண்டும் என்று பெட்டியைத் தென்காசிக்கு பைக்கில் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். அதற்கப்புறம் கோடு வரவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஆவணியில் மதினியின் சின்ன மகள் யாழினிக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் இவர்தானே. இவர் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மண்டப வாசலில் பேனர் கட்டுவது தாய்மாமன் பொறுப்பு. இப்போதெல்லாம் சீர்த் தட்டை யார் எண்ணிப் பார்க்கிறார்கள், பேனரைத்தான் பார்க்கிறார்கள். அதுவும் தாய்மாமனே ஃபிளெக்ஸ் தொழில் செய்கிறவர் என்றால் சும்மாவா? அவர் ஆசைப்பட்டது எப்படி என்றால், சிம்மாசனத்தில் இவர் கூலிங்கிளாஸ் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், மடியில் யாழினி. கீழே சொந்தக்காரர்கள் வரிசை. மேலே மூலையில் மேகத்துக்குள் மதினியின் மாமனார். அவர் போன வருடம் தவறிவிட்டார், நெஞ்சுவலி. மேலே இருந்து பேத்தியை ஆசீர்வதிப்பது மாதிரி.

அந்தச் சமயம் மண்டியில் வரத்து அதிகம். "நீயே முடிச்சிரு, நான் வந்து பாத்துக்கிடுதேன்" என்று போய்விட்டார். நான் படங்களைத் திறந்தேன். எல்லாருமே பச்சை பாய்ந்து இருக்கிறார்கள். காமாலை கண்டவர்கள் மாதிரி. போன் போட்டேன்.

"என்னங்க, எல்லாரும் ஒருமாதிரி பச்சையா தெரியுதாவ."

"போட்டோ எடுத்தவன் சரியில்ல. நீ சரி பண்ணு."

"எல்லாப் போட்டோவுமா சரியில்லாம இருக்கும்?"

"ஏட்டி, இங்க லாரி நிக்குது. சரி பண்ணுன்னா பண்ணு."

சரி பண்ணினேன் அக்கா. சோறு பொங்கின நேரம் போக மற்ற நேரமெல்லாம் அதே வேலை. சிவப்பை ஏற்றினேன், ரோஸை ஏற்றினேன், போதவில்லை, இன்னும் ஏற்றினேன். கடைசியில் ஒவ்வொரு முகமும் ரத்த ஓட்டத்தோடு, பேசினால் பேசும் என்கிற மாதிரி வந்தது. சாயங்காலம் அவர் வந்ததும் காட்டினேன். முகமெல்லாம் இப்போது நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். யாழினி கன்னத்தில் விரலை வைத்துப் பார்த்தார். என்னமோ சொல்ல வந்தவர் மாதிரி என் பக்கம் திரும்பினார். பிறகு, "அனுப்பிரு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு குறையும் சொல்லவில்லையே.

காதுகுத்து அன்றைக்குக் காலையில்தான் பேனர் நேராக மண்டபத்துக்கு வந்தது. சுருளை விரித்துக் கட்டினார்கள். நான் பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். வாசலில் சிரிப்புச் சத்தம். போய்ப் பார்த்தால், அக்கா, எப்படிச் சொல்வேன், ஒருத்தர் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் கத்தரிப்பூ நிறம். தாய்மாமன் சிம்மாசனத்தில் கத்தரிப்பூ. மடியில் குழந்தை கத்தரிப்பூ. சொந்தக்காரர்கள் எல்லாரும் நாவல்பழம் தின்று முகத்தில் துடைத்துக்கொண்ட மாதிரி.

"என்னடே, மண்டிக்குக் கத்திரிக்கா லோடு வந்திருக்கா?"

"தாய்மாமன் மூச்சைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு போல."

"நான் எங்க இருக்கேன்னே தெரியலையே, எல்லாம் ஒண்ணுபோல இருக்காவ."

இப்படி ஆளுக்கு ஒன்று. அதுகூடப் போகட்டும், சிரிப்பு சிரிப்போடு போய்விடும். அந்த நேரம் பார்த்து மதினியின் மாமியார் வேனிலிருந்து இறங்கி வந்தார்கள். யார் கையையோ பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து நிமிர்ந்து பார்த்தார்கள். மேலே மூலையில் தாத்தா. நெஞ்சுவலியில் போனவர் இல்லையா, போகும்போது முகம் கறுத்து நீலம் பாய்ந்து போயிருந்ததாம். "அன்னைக்கு இப்பிடித்தான் கெடந்தாவ," என்றார்கள். "இதே நெறம். இதே நெறம்." அப்படியே வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் ஒப்பாரி.

மதினி வெளியே வந்து எல்லாவற்றையும் பார்த்தார்கள். "யாருடே செஞ்சது இது?" என்று கேட்டார்கள். அவரைப் பார்த்துத்தான் கேட்டார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே சொன்னார். "நான் மண்டிக்குப் போயிட்டேங்க்கா. இவதான் உக்காந்து கிறுக்கி வச்சிருக்கா. எட்டாங்கிளாசுகிட்ட குடுத்தது என் தப்பு."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் பந்திப் பக்கமே வரவில்லை. சமையல்காரர்களோடு பின்னால் நின்று அண்டா கழுவினேன். காது குத்தும்போது குழந்தை அழுத சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்கவில்லை. அவரும் சாப்பிடக் கூப்பிட வரவில்லை. வேலை இருந்திருக்கும், தாய்மாமன் இல்லையா?

வீட்டுக்கு வந்த பிறகு நன்றாகத்தான் பேசினார். "பொம்பளைங்க கோபம்தான, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா முடிஞ்சி போச்சி. மெஷின் நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் கலர் பிடிபடல," என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். கண்ணில் ஏதும் கோளாறோ என்று பயம் வந்தது. காய்கறிக் கடையில் கத்தரிக்காயைக் கையில் எடுத்து, இது என்ன நிறம் என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டேன் என்றால் பாருங்கள். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். மகளின் கலர் பென்சில் டப்பாவைத் திறந்து அவளையே ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி நானும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். ஆனாலும் நம்பிக்கை வரவில்லை.

இதற்கிடையில் இந்தப் பெட்டி முழுசாகப் படுத்துவிட்டது. பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. அவர் வயரை ஆட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மறுபடி ரப்பரை எடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. "நீ கைய வைக்காத, நானே ஆளைப் பாத்துக்கிடுதேன்" என்றார். தீபாவளி நெருங்குகிறது. மதினியிடமிருந்து மறுபடி ஆள் வந்துவிட்டது. அவர் தினமும், போயிட்டு வந்துரு, போயிட்டு வந்துரு என்கிறார். இன்றைக்குக் காலையில் அவர் மண்டிக்குக் கிளம்பியதும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, இதைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊர்க் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரர் மூடியைத் திறக்கவே இல்லை. பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். "இது தென்காசி சாகுல் பாய் பாத்த மெஷின்லா. அடுத்தவர் கை வச்சதுல நான் கை வைக்கிறதில்லம்மா. அங்கயே கொண்டு போ," என்றார்.

தனியாகத் தென்காசிக்குப் போனது இதுதான் முதல் தடவை. கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். கடையில் நாலைந்து ஆம்பளைகள். ஓரமாக நின்றேன். சாகுல் பாய்தான் கூப்பிட்டார்.

"என்ன தங்கச்சி, டிஸ்ப்ளே வரலியா?"

"ஆமாண்ணே."

அவர் வேறு வயர் போட்டுப் பார்த்தார். வேறு திரை வைத்துப் பார்த்தார். கறுப்புதான். பிறகு அந்தக் கார்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியின் பின்னால் மேலே இன்னொரு வாய் இருக்கிறது அக்கா, பெட்டிக்கே உள்ளது, அதில் வயரைச் சொருகினார். படம் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்ததும் என் மகள் படம் வரும், பள்ளிக்கூட யூனிபார்மில். அவள் பாவாடை மெரூன். தினமும் நான்தானே துவைக்கிறேன், எனக்குத் தெரியாதா? ஆனால் திரையில் அது இத்தனை நாளாகப் பாசி படிந்த மாதிரி இருந்ததும், அப்படியே எனக்குப் பழகிப்போனதும் அங்கே வைத்துத்தான் தெரிந்தது.

"அண்ணே, ஒரு பேனர் இருக்கு, அதைத் திறந்து பாக்கலாமா" என்றேன். திறந்தார். கத்தரிப்பூ. பெரிய திரை வேறு. பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மறுபடியும் மண்டப வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

"யாரு செஞ்சது?"

"நான்தாண்ணே."

"இந்தக் கார்டுல பாத்தா செஞ்ச?"

"ஆமா."

"அப்பம் சரிதான். அது பச்சையா காட்டும், நீ செவப்பை ஏத்தியிருப்ப. வேற என்ன செய்வ?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "புளியங்குடியா? கனகவேல் வீட்டுலயா? அவன்ட்ட நான் ஆடியிலயே சொல்லிட்டேனே. கேம் ஓட்டி ஓட்டிக் கார்டு சூட்டுல வெந்து போச்சி, என்னத்தையோ பண்ணித் தாரேன், கொஞ்ச நாளைக்கு ஓடும், ஆனா கலரை மட்டும் நம்பாத, இதை வச்சி டிசைன் பண்ணாதன்னு. சொல்லலியா உன்ட்ட?"

"மறந்திருப்பாவண்ணே," என்றேன்.

அவர் மேஜைமேல் இருந்த பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

நான்தான் சும்மா இல்லாமல் கேட்டேன். "அண்ணே, இதை ஓட்டாம சும்மா போட்டா இறுகிப்போகுமாமே, மோட்டார் மாதிரி?"

கடை முழுக்கச் சிரிப்பு. சாகுல் பாய்க்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, "யாரு தங்கச்சி சொன்னா?" என்று கேட்டார். யாரோ சொன்னார்கள் என்றேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. சிரிப்பை நிறுத்திவிட்டார். மற்றவர்களையும் ஒரு பார்வை பார்த்தார். அவர் சிரித்ததைவிட, நிறுத்தியதுதான் அக்கா எனக்குத் தாங்கவில்லை. பேனருக்காகக் கூசினேன், சரி, என் கையால் செய்தது. இது யாருக்காகக் கூசுகிறேன் என்றே தெரியவில்லை. உடம்பெல்லாம் கூசிக்கொண்டே இருந்தது.

"வேற கார்டு போடணுமாண்ணே?"

"டிசைன் மட்டும்தான்னா வேண்டாம். இப்பிடியே ஓடும். கொஞ்சம் மெதுவா ஓடும், ஆனா கலர் சுத்தமா வரும். அந்த வெளையாட்டுதான் ஓடாது."

"அப்போ வேண்டாம்ண்ணே."

"வீட்டுக்காரன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதியா?"

"வேலையா இருப்பாவண்ணே."

அந்தக் கார்டு இதோ இந்தப் பையில் இருக்கிறது.

பிறகு ஒன்று கேட்டேன். இவ்வளவு வெட்கத்துக்கு நடுவில் எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. இங்கேயே உட்கார்ந்து ஒரு முகத்தை மட்டும் சரி பண்ணிக்கொள்ளட்டுமா என்று. ஸ்டூலை இழுத்துப் போட்டார். அந்த ஆம்பளைகள் எல்லாரும் பின்னால் நிற்கிறார்கள். நான் தாத்தாவின் பழைய போட்டோவை எடுத்தேன். கை பழக்கத்தில் முகத்தை வெளுப்பாக்கப் போனது. நிறுத்திக்கொண்டேன். அவர் நல்ல கறுப்பு அக்கா. வெயிலில் வேலை பார்த்தவர். அந்தக் கறுப்பிலேயே விட்டுவிட்டேன். தூசியை மட்டும் எடுத்தேன், கண்ணைக் கொஞ்சம் தெளிவாக்கினேன். சாகுல் பாயே பக்கத்து ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு வாங்கிக் கொடுத்தார். பேனர் வைக்கிறவர்கள் யாரும் இப்படிக் கறுப்பாக ஒரு படத்தை வாங்கமாட்டார்கள். ஆனால் அத்தைக்கு அவர் உயிரோடு இருந்த நிறம் இதுதானே.

கடையநல்லூர் தாண்டிவிட்டதா? பேச்சில் கவனிக்கவில்லை.

ஒரு நிமிஷம் அக்கா, போன். அவர்தான். சாப்பிட வீட்டுக்கு வந்திருப்பார்.

"ம், சொல்லுங்க... ஆமா, நான்தான் எடுத்துட்டு வந்தேன்... நம்ம ஊர்ல பாக்கமாட்டேன்னுட்டாரு... தென்காசி... ஆமா, அவரு கடைதான்... ஹலோ... ஹலோ, கேக்குதா?... இருக்கேன்... நல்லாயிருச்சி, படம் வருது... கலர் சுத்தமா இருக்கு... மாத்தல, கழட்டியாச்சி... பையில இருக்கு... சொன்னாரு... எல்லாம்தான் சொன்னாரு... ஆடியில நீங்க போனது, அவரு சொல்லிவிட்டது, எல்லாம்... பஸ்ல இருக்கேன்... தெரியல... சோறு சட்டியில இருக்கு, குழம்பைச் சூடு பண்ணிக்கிடுங்க... வைக்கேன்."

நேராக வீட்டுக்கு வா என்கிறார். அக்கா வீட்டுக்கு நான் போய்ப் பேசிக்கொள்கிறேன், நீ ஒன்றும் மன்னிப்புக் கேட்க வேண்டாம் என்கிறார். நேற்று வரைக்கும் போ போ என்று விரட்டியவர். இதையே போன வாரம் சொல்லியிருந்தால் என்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்து அழுதிருப்பேன். உன்னை யாரும் ஒரு சொல் சொல்ல விடமாட்டேன் என்று வேறு சொல்கிறார். மண்டப வாசலில் சொன்னது யார் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. பஸ்ஸில் ஆள் இருக்கிறார்கள், கேட்கவில்லை.

அவர் கெட்டவர் இல்லை அக்கா. பயந்தவர். அக்காவுக்குப் பயம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். பயந்தவர் கையில் கிடைத்ததை முன்னால் நிறுத்திக்கொள்வார். நான் கிடைத்தேன். இதை நான் யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் அவருக்கு அசிங்கம். உங்களிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் ராஜபாளையம் போகிறவர்கள், எங்களை யாரென்று தெரியாது. அதனால் சொன்னேன் என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் அதனால் இல்லை போலிருக்கிறது. இவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசினதே இல்லை. நடுவில் எங்கேயும் அழவும் இல்லையே, கவனித்தீர்களா?

இறங்கத்தான் போகிறேன். அத்தை காலில் விழத்தான் போகிறேன். அவர்களை அழ வைத்தது என் கைதானே, அதற்கு யார் மன்னிப்புக் கேட்பது? இந்தப் படத்தைக் கொடுப்பேன். கொடுத்துவிட்டுப் பேசாமல் நிற்பேன். அவரைப் பற்றி நானாக ஒரு சொல் சொல்லமாட்டேன். ஆனால் மதினி, இது எப்படி நடந்தது என்று கேட்பார்கள். அன்றைக்கு மண்டபத்தில் என்னிடம் கேட்கவில்லை, அவரிடம் கேட்டார்கள். இன்றைக்கு அவர் பக்கத்தில் இல்லை, என்னிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால் நடந்ததைச் சொல்லுவேன், உங்களிடம் சொன்ன மாதிரியே. எங்கள் மதினி கேட்காமல் விடுகிற ஆள் இல்லை.

அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துத் தாருங்கள் அக்கா. வரிசையாகத் தெரிகிறது பாருங்கள், தென்னந்தோப்பு, அதைத் தாண்டினால் ஸ்டாப்பிங். எனக்குக் குரல் எழும்பாது, நீங்கள் கொஞ்சம் கண்டக்டரிடம்...

இல்லை, இருங்கள். நானே சொல்கிறேன்.

அண்ணே, சொக்கம்பட்டி. ஆள் இறங்கணும்.